பியென்சா சதுக்கத்தில் பலரும் செய்யும் தவறுகள்

இத்தாலியின் டஸ்கனியில் உள்ள பியென்சாவுக்கு வருகிறவர்களில் பலர் சதுக்கத்தின் நடுவில் நின்று நான்கு படம் எடுக்கிறார்கள். உடனே பாலாடைக்கட்டிக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். சதுக்கம் சிறியது, ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம் என்பதுதான் காரணம். ஆனால் 1405-இல் இங்கே பிறந்தவர் திருத்தந்தை இரண்டாம் பயஸ் ஆனதும், தம் கிராமத்தை மறுமலர்ச்சிக் கால நகரமாக மாற்றச் சொல்லி 1459-இல் தொடங்கிவைத்த வேலை இது. கட்டடக் கலைஞர் பெர்னார்டோ ரோசெல்லினோவின் மதிப்பீட்டைப் பன்மடங்கு தாண்டிச் செலவு 50,000 டுகாட்டைக் (அக்காலத் தங்க நாணயம்) கடந்தது. உண்மைச் செலவை முன்பே சொல்லியிருந்தால் சம்மதித்திருக்கவே மாட்டேன் என்று சொல்லி, திட்டுவதற்குப் பதிலாகப் பரிசு கொடுத்தார் பயஸ். அப்படிப்பட்ட இடத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குவது அநியாயம்.

அடுத்த தவறு, நிற்கும் இடம். நகர மன்றக் கட்டடத்தை ஒட்டி நின்று பேராலயத்தைப் பாருங்கள். இருபுறமுள்ள அரண்மனைகளும் இணையாக நிற்கவில்லை. பேராலயத்தை நோக்கிப் போகப் போக விலகுகின்றன. அதனால் பேராலயம் உண்மையில் இருப்பதைவிட அருகில் இருப்பதாகக் கண்ணுக்குப் படுகிறது. செங்கல் தரையில் வெள்ளைக் கல்லால் போட்ட கட்டங்களைக் கவனித்தால் இந்தச் சூட்சுமம் பிடிபடும். பிறகு பேராலயத்தின் பக்கவாட்டுச் சந்துக்குப் போங்கள். ஓர்ச்சா பள்ளத்தாக்கு அங்கேதான் விரிகிறது.

நண்பகலில் படம் எடுக்க வந்து ஏமாறுகிறவர்களும் உண்டு. பேராலயத்தின் பீடம் தெற்கே, முகப்பு வடக்கே. உச்சிவெயிலில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும்; முகப்பு நிழலில் கிடக்கும். கோடையில் அதிகாலையிலோ மாலை சாயும் நேரத்திலோ வருவது நல்லது.

உள்ளே எட்டிப் பார்த்து, "சுவரில் ஓர் ஓவியம்கூட இல்லையே" என்று திரும்பிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வெள்ளைச் சுவரில் யாரும் எதையும் தீட்டக் கூடாதென்று பயஸே ஆணையிட்டிருந்தார். மீறினால் திருச்சபையிலிருந்து விலக்கு. சியன்னா நகர ஓவியர்களின் பீடச் சித்திரங்கள் மட்டும் இருக்கின்றன, அவற்றைத் தேடிப் பாருங்கள். பீடத்தை நோக்கி நடக்கும்போது தரை சரிவதைக் காலே உணரும். பின்பகுதி உறுதியற்ற மண்ணில் நிற்பதால் நூற்றாண்டுகளாக இறங்கிக்கொண்டிருக்கிறது. சுவர்களில் விரிசல்களும் தெரியும்.

பயஸின் அரண்மனையைச் சுவரோடு பார்த்து நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். டிக்கெட் வாங்கினால் பின்புறத் தோட்டமும், அதற்கப்பால் அமியாத்தா மலையும் கிடைக்கும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். காரைப் பழைய நகருக்குள் விடாதீர்கள். கேமரா பதிவு செய்யும், அபராதம் வீடு தேடி வரும். மதில்களுக்கு வெளியே நிறுத்தலாம். ஊரில் ரயில் நிலையம் கிடையாது, ஞாயிறன்று பஸ்ஸும் அரிது. திரும்பும் பஸ் நேரத்தைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை பேராலயத்துக்குத் தேவை. பெக்கோரினோ எனும் செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டியைப் பொட்டலம் பார்த்து வாங்காமல், புதியது, முதிர்ந்தது இரண்டையும் சுவைக்கத் தரச் சொல்லிக் கேளுங்கள், கடைக்காரர்கள் மறுப்பதில்லை.