பல டிவிடி துண்டுகளை ஒரே டிஸ்கில் சேர்க்க

கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று நாலைந்து டிவிடிகளில் கிடக்கும் நல்ல காட்சிகளை ஒரே டிஸ்கில் போட வேண்டுமா? டிவிடியின் வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரிலுள்ள விஓபி (VOB) என்ற வீடியோ ஃபைல்களை அப்படியே புது டிஸ்குக்கு மாற்றாதீர்கள். எது எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு அவற்றோடு இருக்கும் ஐஎஃப்ஓ (IFO) ஃபைல்களில் இருப்பதால் பிளேயர் திணறிவிடும்.

முதலில் மேக்எம்கேவி (MakeMKV) என்ற மென்பொருளில் ஒவ்வொரு டிஸ்கையும் எம்கேவி (MKV) என்ற வீடியோ ஃபைலாக எடுங்கள். கணினி டிஸ்கைக் காலி என்று காட்டினால் பெரும்பாலும் அது ஃபைனலைஸ் ஆகவில்லை, அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவு முடித்து வைக்கப்படவில்லை; பதிவு செய்த ரெக்கார்டரிலேயே அதை முடித்துவிட்டு வாருங்கள்.

வெட்டுவதற்கு இலவச அவிடிமக்ஸ் (Avidemux) மென்பொருள் போதும். வீடியோ, ஆடியோ இரண்டையும் ‘காப்பி’யில் (மாற்றாமல் அப்படியே எடுப்பது) வைத்தால் தரம் துளியும் குறையாது. ஆனால் தொடக்கம் கட்டாயம் ஐ-ஃப்ரேமில் (மற்ற ஃப்ரேம்களைச் சாராத முழுப் படம்) இருக்க வேண்டும். கீபோர்டின் மேல், கீழ் அம்புக்குறிகள் அங்கேதான் தாவும். இடையில் வெட்டினால் முதல் அரை நொடி கட்டம் கட்டமாகச் சிதறும். டிவிடிக்கு ஏற்ற எம்பெக்-பிஎஸ் (MPEG-PS) வடிவில் சேமியுங்கள்.

பிறகு டிவிடி உருவாக்கும் டிவிடிஸ்டைலர் (DVDStyler) மென்பொருளில் வரிசையாகச் சேர்த்து, அங்கும் ‘காப்பி’யையே தேர்ந்தெடுங்கள். நாட்டுக்கு நாடு வேறுபடும் வீடியோ முறைகளான பால் (PAL, 720×576), என்டிஎஸ்சி (NTSC, 720×480) இரண்டையும் ஒரே டிஸ்கில் கலக்கக் கூடாது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய டிஸ்க் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள், முறை வேறாக இருந்தால் அதை மட்டும் மறுபடி என்கோட் செய்ய (வேறு முறைக்கு மாற்ற) வேண்டிவரும்.

4.7 ஜிபி டிஸ்கில் விண்டோஸ் கணக்குப்படி 4.37 ஜிபிதான் கொள்ளும். 4.2 ஜிபிக்குள் நிறுத்தி, 4எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள்.