பிள்ளைகளிடம் பாரிஸ் போகிறவர்கள் லூவ்ரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் பாரிஸ் போய் வந்தவர்களிடம் லூவ்ர் அருங்காட்சியகம் எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "மோனலிசாவைப் பார்த்தம், சரியான சனம், கால் உளைஞ்சு போச்சு." அவ்வளவு தூரம் போனவர்கள் இவ்வளவோடு திரும்புவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

முதலில் நாளைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை பூட்டு. புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும், மற்ற நாட்களில் மாலை 6 மணியோடு சரி. நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போய் வாசலில் நிற்காதீர்கள். 2026 ஜனவரியிலிருந்து, இங்கிருந்து போகிற எங்களைப் போன்றவர்களுக்கு ரிக்கற் 32 யூரோ. 18 வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளைகளுக்கு இலவசம். அங்கேயே வசிக்கிற, 26 வயதாகாத பிள்ளைகளுக்கும் இலவசம்தான், ஆனால் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

பாரிஸின் புறநகரான லா கூர்நேவில் தங்குகிறவர்களுக்கு 7ஆம் இலக்க மெற்றோ லூவ்ருக்கு நேரே போகும். பாரிஸ் நகருக்குள் லாச்சப்பலில் என்றால் 2ஆம் இலக்கத்தில் ஏறி, அடுத்த தரிப்பான ஸ்டாலின்கிராடில் 7க்கு மாறுங்கள்.

உள்ளே போனதும் மோனலிசாவை நோக்கி ஓடுவதுதான் பெரிய தவறு. அந்த ஓவியம் 77 சென்ரிமீற்றர் உயரம், 53 அகலம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, முன்னால் எந்நேரமும் கைத்தொலைபேசிகள் உயர்ந்தபடி. பார்த்துவிட்டு அப்படியே திரும்பி எதிர்ச்சுவரைப் பாருங்கள். கிட்டத்தட்ட 10 மீற்றர் அகலத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்க் கலியாணம், வெரோனேசே என்ற ஓவியர் வரைந்தது, இருக்கிறது. மடுத் திருவிழாவுக்குத் தவறாமல் போகிற அம்மாமாருக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் பலர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அதைவிட எனக்கு மனம் பொறுக்காதது, கோட்டையைப் பார்க்காமல் வருவது. லூவ்ர் ஆரம்பத்தில் அரண்மனையல்ல. 1190 அளவில் பாரிஸைக் காக்க அரசன் பிலிப் ஒகுஸ்த் கட்டிய கோட்டை அது. பின்னால் வந்த அரசர்கள் அதை இடித்து அரண்மனை எழுப்பினார்கள். 1980களில் கண்ணாடிப் பிரமிட்டுக்கான வேலைகள் நடந்தபோது, நிலத்துக்குள் கிடந்த பழைய அடித்தளத்தைத் தோண்டி வெளியே எடுத்தார்கள். இன்றைக்கு லூவ்ரின் சுல்லி என்ற பகுதியின் கீழ்த்தளத்தில் அந்தக் கோட்டையின் அகழிக்குள் இறங்கி, மதிலோரமாகவே நடக்கலாம். போர்த்துக்கேயர் கட்டி, 1770இல் ஒல்லாந்தர் பெருப்பித்த பூநகரிக் கோட்டையைத் தெரிந்த எங்களுக்குக் கோட்டை என்றால் இராணுவம்தான் நினைவுக்கு வரும். அப்படியொரு கோட்டை நின்ற இடம், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793 ஓகஸ்ட் 10 அன்று, சாதாரண சனம் வந்து பார்க்கிற அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இதை வயதானவர்களுக்கு முதல்நாளே சொல்லி வைத்துவிட்டுக் கூட்டிப்போங்கள்.

எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்க வேண்டாம். 400க்கு மேற்பட்ட அறைகள் இருக்கின்றன, ஒரு நாளில் ஆகாது. என்னைக் கேட்டால் முதலில் சுல்லி அகழி, அப்புறம் தெனோன் பகுதிப் படிக்கட்டின் உச்சியில் நிற்கிற பழைய கிரேக்கச் சிலையான சமொத்ராஸ் வெற்றித் தேவதை. தலையும் கைகளும் இல்லாத அந்தச் சிறகுச் சிலை, கல்லில் செதுக்கிய கப்பலின் அணியத்தில் நிற்கிறது. எதிர்க்காற்றில் உடுப்பு உடம்போடு ஒட்டியிருப்பதைக் கல்லிலேயே கொண்டுவந்திருக்கிறார்கள். முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்னும் தெம்பிருந்தால் ரிஷலியு பகுதியில் பழைய பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டங்கள் வெட்டிய கருங்கல்.

முழங்கால் நோவுள்ளவர்கள் வெட்கப்பட்டு நடந்தே சமாளிக்கப் பார்க்கிறார்கள். அடையாள அட்டையைக் கொடுத்தால் சக்கர நாற்காலியை இலவசமாகத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். சூட்கேஸோடு போகாதீர்கள்; 55க்கு 35க்கு 20 சென்ரிமீற்றரை விடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். படம் எடுக்கலாம், பிளாஷ் மட்டும் கூடாது.

இன்னொன்று: எங்கள் பக்கத்துச் சிலைகளை லூவ்ருக்குள் தேடி அலையாதீர்கள். அங்கிருந்த ஆசியச் சேகரிப்பை 1945இல் பாரிஸிலேயே உள்ள கிமே அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள். சோழர் காலத்து வெண்கல நடராசரைக் கிமேயில்தான் பார்க்கலாம். 9ஆம் இலக்க மெற்றோவில் இயேனா நிலையத்தில் இறங்க வேண்டும். அதுவும் செவ்வாய்க்கிழமை பூட்டு.