ரத்தக்குழாய் இறுகாமல் இருக்க ஜப்பானின் கம்போ மருந்து: எப்படி எடுப்பது, எங்கே உஷாராக இருப்பது

கம்போ என்பது ஜப்பானின் பாரம்பரிய மூலிகை வைத்தியம். ரத்தக்குழாய்க்கு எந்தக் கம்போ நல்லது என்று கேட்டால், அந்த வைத்தியம் நன்கு தெரிந்த ஜப்பானிய மருத்துவர் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிட மாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார், நாடி பார்ப்பார், படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்ப்பார். நோய்க்கு ஒரு மருந்து என்பதைவிட, ஆளுக்கு ஏற்ற மருந்து என்பதுதான் அங்கே கணக்கு. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேட்கும் என்று வாங்கிவிடாதீர்கள்.

முதல் வேலை, அளவுகளைத் தெரிந்துகொள்வது. ரத்த அழுத்தம், எல்டிஎல் கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் பாருங்கள். வீட்டில் எடுக்கும் அழுத்தம் 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஜப்பானிய வழிகாட்டுதலில் அது உயர் ரத்த அழுத்தம். ஏற்கெனவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ எடுப்பவர்கள், கம்போ ஆரம்பித்துவிட்டோம் என்று அதை நிறுத்தவே கூடாது. படிந்துவிட்ட கொழுப்பைக் கரைத்து வெளியேற்றும் மூலிகை எதுவும் இதில் இல்லை.

சரி, மருந்துகளுக்கு வருவோம். ரத்தம் தேங்கி ஓட்டம் மந்தமாவதைக் கம்போவில் ஓகெட்சு என்பார்கள். கருத்த உதடு, நாக்கின் அடியில் புடைத்த நரம்பு, தொப்புளுக்குப் பக்கத்தில் அழுத்தினால் வலி, இவையெல்லாம் அதற்கு அடையாளம். இதற்கு அதிகம் கொடுப்பது கெய்ஷிபுகுர்யோகன்: லவங்கப்பட்டை, பியோனி வேர், மரப்பியோனி வேர்ப்பட்டை, பீச் கொட்டையின் பருப்பு, புகுர்யோ என்ற பூஞ்சை என ஐந்தே சரக்கு. முயல்களிலும் சிறு மனிதக் குழுக்களிலும் இதை ஆராய்ந்து நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன, ஆனால் மாரடைப்பைத் தடுக்கும் என்று சொல்ல அவை போதாது. உடல் பருத்து, விலாவுக்குக் கீழே இறுக்கமாக, மலச்சிக்கலோடு இருப்பவருக்கு தாய்சைகோதோ. நடுவயதைத் தாண்டி, பிரஷரோடு காலையில் தலைவலி வருகிறவருக்கு சோதோசான்.

இனி உஷாராக இருக்கவேண்டிய இடம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பல கம்போ மருந்துகளில் கான்சோ இருக்கும், அதாவது நம் அதிமதுரத்தின் இனம்தான். அளவு கூடினால் உடலில் பொட்டாசியம் குறைந்து, கால் வீங்கி, ரத்த அழுத்தமே ஏறிவிடும், எதைத் தடுக்க வந்தோமோ அதையே வரவழைத்த மாதிரி ஆகிவிடும்! இரண்டு கம்போ மருந்து சேர்த்து எடுக்கும்போது இரண்டிலும் கான்சோ இருக்கிறதா என்று உறையைப் பாருங்கள். தொப்பை குறைய என்று கடையில் விற்கும் போஃபுட்சுஷோசான் என்ற கம்போ மருந்தில் கான்சோவோடு மாவோ என்ற மூலிகையும் (எபெட்ரா செடி) உண்டு. மாவோவில் உள்ள எபிட்ரின் இதயத் துடிப்பைக் கூட்டும், ஆகவே பிரஷர் உள்ளவர்கள் தானாக வாங்கவே வேண்டாம். ஓரெங்கெதோகுதோ என்ற இன்னொரு கம்போ மருந்தில் இருக்கும் சான்ஷிஷியை, அதாவது கார்டீனியா செடியின் காயை, 5 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து எடுத்தவர்களுக்குக் குடலின் ரத்தநாளங்கள் கெட்டிப்பட்ட சம்பவங்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடவும்.

ஜப்பானில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, 148 கம்போ மருந்துகள் அரசு மருத்துவக் காப்பீட்டில் வருகின்றன. சாதாரண மருத்துவமனையிலேயே எழுதித் தருவார்கள். பெரும்பாலும் துகளாக, சிறு உறைகளில் வரும். சாப்பாட்டுக்கு முன் அல்லது இரண்டு வேளைக்கு நடுவே, வெறும் வயிற்றில் வெந்நீரில் கலந்து குடிப்பது வழக்கம்.

அப்புறம் உப்பு. ஜப்பானிய மருத்துவர்கள் பிரஷர் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 6 கிராமுக்குள் என்கிறார்கள், மிசோ சூப்பையும் ஊறுகாயையும் குறைக்காமல் அது முடியாது. சிகரெட்டை விடுவதற்கும் ஈடான மூலிகை கிடையாது.

ஒரு மாதம் எடுத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் மருத்துவரிடம் திரும்பிப் போய் மருந்தை மாற்றக் கேளுங்கள். வறட்டு இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல், கண் மஞ்சள், இதில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே போங்கள். நெஞ்சை அழுத்தும் வலி வந்தாலோ ஒரு பக்கக் கை, கால் மரத்தாலோ ஜப்பானில் 119-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்.