வறண்ட கண்ணுக்கு வெந்நீர் ஒத்தடம்: இமையில் உறைந்த எண்ணெயை இளக்கும் முறை

சுங்கை சிப்புட்டில் உள்ள என் அத்தையின் கண்ணில் எந்நேரமும் நீர் வடிந்துகொண்டிருக்க, மருத்துவரோ "கண் வறண்டிருக்கிறது" என்றார். "நீர் ஊற்றுகிறதே, எப்படி வறட்சி?" என்று அத்தை கேட்டது நியாயமான கேள்விதான்.

கண்ணீரின் மேற்பரப்பில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று படர்ந்து, அடியிலுள்ள நீர் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது. இந்த எண்ணெயைச் சுரப்பவை மெய்போமியன் சுரப்பிகள். 1666இல் இவற்றை விரிவாக விவரித்த ஹைன்ரிக் மெய்போம் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் இவை, மேல் இமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையும் கீழ் இமையில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் உள்ளன. குளிர்பெட்டியில் வைத்த செம்பனை எண்ணெய்ப் பொட்டலம் கெட்டியாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, கொழுப்புகளின் சேர்க்கை மாறும்போது இமை எண்ணெயும் தடித்துச் சுரப்பியின் வாயை அடைத்துவிடும். அதன்பின் நீர் ஆவியாகிறது, கண் உறுத்துகிறது, உறுத்தலைத் தணிக்க மேலும் நீர் சுரந்து கன்னத்தில் வழிகிறது.

கடும் வலி, பார்வை மங்கல், மஞ்சள் பீளை ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், ஒத்தடத்தை விட்டுவிட்டு உடனே கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.

முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து, சுத்தமான சிறு துண்டை 40 டிகிரி செல்சியஸ் அளவுள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூட்டைச் சோதித்த பிறகு, மூடிய இமைகளின்மேல் அழுத்தாமல் வையுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: துண்டு ஓரிரு நிமிடங்களில் ஆறிவிடும், ஆறிய துண்டால் எண்ணெய் இளகாது. ஆகவே மீண்டும் மீண்டும் வெந்நீரில் நனைத்து, 5 முதல் 10 நிமிடங்கள் வரை சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூடு ஆறுவதற்குள், விழியை அழுத்தாமல், மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், அதாவது இமைமயிரை நோக்கி, விரல் நுனியால் மெல்ல நீவுங்கள். வெளிவந்த எண்ணெயை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

இதைக் காலையும் மாலையும் சில வாரங்கள் தொடர வேண்டும். கைப்பேசியைப் பார்க்கும்போது இமை அரைகுறையாகவே மூடுவதால், அவ்வப்போது முழுமையாக மூடித் திறப்பது எண்ணெயைக் கண்முழுவதும் பரப்பும்; காற்றாடியை முகத்துக்கு நேரே சுழலவிடாதீர்கள்.

எண்ணெய்தானே குறைவு என்று விளக்கெண்ணெய்ப் போத்தலைத் திறந்து கண்ணில் விட வேண்டாம். அது கிருமி நீக்கப்பட்டதன்று. பாசார் மாலாமில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரையிலும் எனக்கு நம்பிக்கையில்லை: 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், ஓராண்டு நாள்தோறும் மீன் எண்ணெயிலுள்ள கொழுப்பான ஒமேகா-3ஐ 3 கிராம் உட்கொண்டவர்களுக்கு, ஆலிவ் எண்ணெய் உட்கொண்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் கிடைக்கவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகும் உறுத்தல் நீங்காவிட்டால் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் இமை ஓரத்தை அழுத்தி, வெளிவருவது தெளிந்த எண்ணெயா, பற்பசை போன்ற கெட்டிக் கொழுப்பா என்று பார்த்துச் சொல்வார்.