லிச்சி மரமும் வௌவாலும்: கோபத்தில் தப்பும் கணக்கு

மொரிஷியஸில் நவம்பர் வந்தால் லிச்சி சிவக்கும். கூடவே வௌவாலைத் திட்டுவதும் தொடங்கிவிடும். கொல்லையில் ஒரே ஒரு மரம் வைத்திருப்பவர்கூட, சுட்டுத் தள்ளினால்தான் தீரும் என்பார். கோபம் நியாயம்தான், கணக்கில்தான் பிசகு.

விடிந்ததும் மரத்தடியில் கிடப்பதை எல்லாம் வௌவால் பேரில் எழுதிவிடுகிறோம். வௌவால் பழத்தை மென்று சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பும். அந்தச் சக்கை கண்ணில் பட்டால் போதும்; கொண்டைக்குருவி கொத்தியது, எலி கடித்தது, காற்றில் விழுந்தது, முற்றி உதிர்ந்தது எல்லாம் அதன் தலையில்தான். பளிச்சென்று தெரியும் ஒரு சாட்சியை வைத்து மனம் முழு வழக்கையும் முடித்துவிடும். அந்தியில் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்து, "பெருகிப் போச்சு" என்பதும் இதே ரகம். பழம் இருக்கும் பக்கம் கூடுவது அதன் வழக்கம். நம் தெருவில் கூட்டம் என்பதால் தீவெங்கும் கூட்டம் என்றாகாது.

கொன்றால் விளைச்சல் கூடும் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை. 2015, 2016இல் அரசே ஆயிரக்கணக்கில் கொன்றது. பழ விளைச்சல் கூடவில்லை. 2018இல் மொரிஷியஸின் இந்தப் பழந்தின்னி வௌவால் இனம் 'அருகிவரும் இனம்' என்ற சர்வதேசப் பட்டியலுக்குப் போனதுதான் மிச்சம். ஏதோ செய்துவிட்டோம் என்ற திருப்தி, பலன் கிடைத்துவிட்டது போலவே தோன்றும்.

இன்னொன்று, நம் வெறுப்புக்கு விலங்கின் குணமே காரணம் என்று நினைப்பது. பல நேரம் நம் வசதிதான் முன்னால் வருகிறது, கருத்து பின்னால் வந்து சேர்கிறது. ஆஸ்திரேலிய உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு உலர்ந்த மாட்டிறைச்சியும் சிலருக்குக் கொட்டைப் பருப்பும் கொடுத்தார்கள். இறைச்சி தின்றவர்களுக்கு மாட்டின் மேல் அக்கறை குறைந்திருந்தது. லிச்சி விற்பவருக்கு வௌவால் 'பீடை' ஆவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். (கிட்டே பார்த்தால் அதன் முகம் நாய்க்குட்டி மாதிரி. தலைகீழாகத் தொங்குவதால் யாரும் கவனிப்பதில்லை.)

அதற்காகப் பழம் போனவரிடம் போய், "காட்டு மரங்களின் விதையைப் பரப்புவதே அதுதான்" என்று பாடம் எடுக்காதீர்கள். உண்மைதான், ஆனால் நட்டம் அவருடையது, பிடிவாதம்தான் ஏறும். வலையைப் பற்றிப் பேசுங்கள். மரத்தைக் கவாத்து செய்து தாழ்வாக வைத்தால் மூடுவது சுலபம். வலையை இழுத்துக் கட்ட வேண்டும். தொளதொளவென்று விட்டால் வௌவாலும் குருவியும் அதில் சிக்கிச் சாகும்.