கொல்லையில் முருங்கை, பப்பாளி, கோவை: நடுகிற அன்றே நடந்துவிடும் தவறுகள்

கத்தரியோ வெண்டையோ சரியாக வரவில்லை என்றால் பெரிய நஷ்டமில்லை, பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த பட்டத்தில் வேறு விதை ஊன்றலாம். முருங்கை, பப்பாளி, எலுமிச்சை, கொய்யா அப்படியில்லை. நடுகிற அன்று செய்த தவறு தெரிய வருவதற்கே மாசக்கணக்கில், சிலதுக்கு வருஷக்கணக்கில் ஆகும், அதற்குள் மரம் ஆள் உயரம் தாண்டியிருக்கும், வெட்டவும் மனசு வராது. அதனால் என்ன உரம் போடலாம் என்று கேட்பதற்கு முன்னால், என்ன கன்று வாங்குகிறோம், எங்கே வைக்கிறோம் என்பதைக் கவனியுங்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது பப்பாளியில்தான். இடம் கம்மி என்று ஒரே ஒரு நாற்று வைப்பார்கள், அது தளதளவென்று வளர்ந்து நீளமான காம்பில் கொத்துக்கொத்தாகப் பூவைத் தொங்கவிடும், ஒரு காய் நிற்காது. அது ஆண் மரம். பல ரகங்களில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம், நாற்றிலேயே பார்த்துச் சொல்லிவிடுவேன் என்கிறவர்களை நம்ப வேண்டாம். ஒரு குழியில் மூன்று நான்கு நாற்று வைத்து, பூத்த பிறகு பெண்ணில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் ஓர் ஆண் மரமும் இருக்க வேண்டும். இந்த வேலையே வேண்டாம் என்றால் கோ 7, ரெட் லேடி மாதிரி இருபால் பூ வரும் ரகங்கள் இருக்கின்றன. ஆனால் கடையில் வாங்கிச் சாப்பிட்ட ரெட் லேடிப் பழத்தின் விதையைப் போட்டால் அதே பழம் வராது, அது வீரிய ஒட்டு ரகம்.

கோவைக்காயிலும் இதே கதை. வேலியில் கிடக்கிற பழத்தின் விதையிலிருந்து வந்த கொடி ஆணாகவும் இருக்கலாம், காயும் கசக்கலாம். நன்றாகக் காய்க்கிற வீட்டில் கேட்டு, பென்சில் கனத்தில் ஒரு கொடித்துண்டு வாங்கி நடுங்கள், அவ்வளவுதான்.

முருங்கையில் குழப்பம் வேறு மாதிரி. நர்சரியில் விதை போட்டுக் கிடைக்கிற பிகேஎம் 1 செடிமுருங்கை, ஆறு மாசத்திலேயே காய்க்கும், ஆனால் தலைமுறைக்கும் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிட்டால் மறுபடி தழைத்துக் காய்க்கும், அப்படி இரண்டு மூன்று வருஷம் ஓட்டலாம். பல வருஷம் நிற்க வேண்டுமென்றால் யாழ்ப்பாண முருங்கை, மூலனூர் முருங்கை மாதிரி மரமுருங்கையின் போத்தை, அதாவது முற்றிய கிளைத்துண்டை, வாங்கி ஊன்ற வேண்டும். எதுவானாலும் வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் வேண்டாம். முருங்கைக் கிளை எவ்வளவு பலம் என்பது ஆடிக்காற்றில் தெரியும்.

புது வீடு கட்டியவர்களுக்கு இன்னொன்று. சுவரோரம் நிரப்பியிருப்பது பெரும்பாலும் மண்ணே அல்ல, உடைந்த செங்கல்லும் சிமெண்ட் கலவையும்தான். அதில் எலுமிச்சையும் கொய்யாவும் வைத்தால் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இளம் இலை மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாது, எத்தனை சாணம் போட்டாலும் அது உடனே சரியாகாது. கொய்யாவுக்கு இரண்டடி, மாவுக்கு மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டி, கல்லையெல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டு, நல்ல செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் நிரப்பி வையுங்கள். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ள வேண்டும். அதை விட்டுவைத்தால் வளர்வது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகமாக இருக்காது.

தண்ணீர் விஷயத்தில் பாசம்தான் எதிரி. பப்பாளி அடியில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே வேர் அழுகிச் சாய்ந்துவிடும், மேடு கட்டி வையுங்கள். எலுமிச்சைக்குத் தண்டை ஒட்டி ஊற்றினால் பட்டையில் பிசின் வடியும்; தண்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் அணைத்து, பாத்தியை வெளியே தள்ளிப் போடுங்கள். உரமும் அப்படித்தான், கிளையின் நிழல் விழுகிற விளிம்பில் போடுவதுதான் வேருக்குப் போகும். காய்க்கிற மாமரத்துக்கு, பூக்க வேண்டிய மார்கழி, தைக்கு முந்தைய இரண்டு மாசம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் தளிர்தான் வரும்.

அப்புறம் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும், வெட்டப் பயந்தால் காய் குறையும். கறிவேப்பிலையில் தினம் நாலு இலை உருவுவதைவிட நுனியோடு கிளையை ஒடிப்பதுதான் நல்லது, பக்கத்தில் இரண்டு கிளை வரும்.

இந்தக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு, கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சின்னக் கன்று என்றால் ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடும், ஆனாலும் கையால் எடுத்துப் போட்டால் போதும். அப்படியே பறித்துத் தாளிப்பில் போடுகிற இலைக்கு யாராவது மருந்து அடிப்பார்களா?