கேலக்ஸிக் கொத்தின் நிறையை லென்சிங்கில் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேலக்ஸிக் கொத்தின் நிறை, தன் ஈர்ப்பால் ஒளியை வளைத்து, அதற்குப் பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் உருவத்தை லேசாக இழுத்துவிடுகிறது. இதுதான் லென்சிங். அந்த இழுப்புதான் ஷியர்; அதன் அளவையும் திசையையும் இரண்டு எண்களாக, அதாவது இரண்டு கூறுகளாக, எழுதுவார்கள். கொத்தின் வெளிப்பகுதியில் அது 0.02, 0.05 என்ற அளவில்தான் இருக்கும். கேலக்ஸிகளின் இயல்பான நீள்வட்டச் சிதறலோ கூறு ஒன்றுக்கு 0.25 முதல் 0.3 வரை. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சராசரி எடுத்தால்தான் எதுவும் தெரியும். ஆகவே அந்தச் சராசரிக்குள் யாரைச் சேர்க்கிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இடறுவதும் அங்கேதான்.

கொத்தின் உறுப்பினரைப் பின்னணி என்று எண்ணுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தரும் தவறு இது. மங்கலான கேலக்ஸி என்றால் தொலைவில்தான் இருக்கும் என்று நம்பி, ஒரு பிரகாச எல்லைக்குக் கீழே உள்ள அத்தனையையும் அள்ளிப் போடுகிறார்கள். கொத்துக்குள்ளேயே மங்கலான குள்ளக் கேலக்ஸிகள் ஏராளம். அவற்றை எதுவும் இழுக்கவில்லை; அவற்றின் சராசரி ஷியர் பூஜ்யம். மையத்தைச் சுற்றிய ஒரு வளையத்தில் 100 கேலக்ஸிகள், அவற்றில் 30 உறுப்பினர்கள் என்றால், உண்மையில் 0.10 ஆன ஷியர் 0.07 என்று வரும்.

இதில் மோசமான விஷயம், எண்ணிக்கை கூடுவதால் பிழைக்கோடு சுருங்குகிறது. விடை தவறாகத் தவறாக நம்பிக்கை ஏறுகிறது. உறுப்பினர்கள் மையத்தில் அதிகம், வெளியே குறைவு. அதனால் மையத்தின் ஷியர் அதிகம் அடிபட்டு, நிறையின் சரிவு தட்டையாகி, மையச் செறிவும் மொத்த நிறையும் குறைந்துவிடுகின்றன.

ஏபெல் 1689 கொத்தில் நடந்தது இதுதான். வில் வில்லாக வளைந்த பிம்பங்களை வைத்துச் செய்யும் வன் லென்சிங் ஒரு நிறையைச் சொல்ல, இந்தச் சின்ன இழுப்பின் சராசரியை வைத்துச் செய்யும் மென் லென்சிங் ஆய்வுகள் அதைவிடக் குறைவாகவே சொல்லிவந்தன. 2005-ல் சுபாரு தொலைநோக்கிப் படங்களில், கொத்தின் சிவப்பு வரிசையைவிடவும் (நிற–பிரகாச வரைபடத்தில் அதன் சிவந்த உறுப்பினர்கள் அமையும் பட்டை) சிவந்த கேலக்ஸிகளைப் பிரித்தெடுத்து அளந்தபோது மையத்தில் ஷியர் உயர்ந்தது. வன் லென்சிங்கோடு பொருந்தியும் வந்தது.

சிவப்பு வரிசையை மட்டும் வெட்டி எறிந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மங்கலாகப் போகப்போக நிற அளவீட்டின் பிழை பெருகி அந்த வரிசை அகன்றுவிடும். நீல நிறக் குள்ளர்கள் அதில் சிக்கவே மாட்டார்கள். மூன்று நிற வடிகட்டிகளிலாவது படம் எடுத்து, இரண்டு நிறங்களின் வரைபடத்தில் கொத்து உட்காரும் இடத்தை முழுவதுமாக ஒதுக்குங்கள். பாதிக் கேலக்ஸிகள் போனாலும் போகட்டும். இரைச்சல் 1.4 மடங்கு ஏறும், ஆனால் அது பிழைக்கோட்டில் கண்ணுக்குத் தெரியும். கலப்படம் எங்கேயும் தெரியாது.

பிறகு, எஞ்சியவற்றின் எண்ணடர்த்தியை மையத்திலிருந்து தூரத்துக்கு எதிராக வரையுங்கள். வெளியே சதுர ஆர்க்-நிமிடத்துக்கு 20, உள்ளே 28 என்றால் உள்வளைய ஷியரை 1.4-ஆல் பெருக்கித் திருத்துவது வழக்கம். இதிலும் மூன்று பொறிகள். பெரிய உறுப்பினர்கள் மறைக்கும் பரப்பைக் கழிக்காவிட்டால் அடர்த்தி குறைத்துத் தெரியும். லென்சிங்கின் உருப்பெருக்கமே பின்னணியின் எண்ணிக்கையை மாற்றும். சிவந்த கேலக்ஸிகள் பெரும்பாலும் மையத்தில் குறையும். கூடுதலும் குறைவும் ஈடாகிக் கோடு தட்டையாக வந்தால் அதைத் தூய்மைக்குச் சான்றாக எடுக்காதீர்கள். மூன்றாவது, படத்தின் விளிம்பையே 'வெளி' என்று கொள்வது. ஹபிளின் ஏசிஎஸ் கேமராப் படம் 202 ஆர்க்-நொடி அகலம். செம்பெயர்ச்சி (தொலைவைக் காட்டும் அளவு) 0.2-ல் அதன் மையத்திலிருந்து விளிம்பு வரை சுமார் 330 கிலோபார்செக்தான். அது இன்னும் கொத்தின் வயிறு.

இரண்டாம் கூறின் குறி

வானப் படத்தில் வல ஏற்றம் இடப்பக்கமாகக் கூடும். இதைக் கவனிக்காமல் ஒரு கூறின் குறி மட்டும் மாறினால் தொடுகோட்டு ஷியரின் (மையத்தைச் சுற்றிய வட்டத்தின் திசையிலான இழுப்பின்) சராசரி பூஜ்யமாகிவிடும். செயற்கைக் கொத்து ஒன்றை நிரலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அளப்பது ஷியர் அல்ல

கிடைப்பது, ஷியரை (1 − கப்பா)-வால் வகுத்த எண். கப்பா என்பது பார்வைக்கோட்டில் திரண்ட நிறையின் அடர்த்தியை லென்சிங்கின் எல்லை அடர்த்தியால் வகுத்தது. கப்பா 0.3 இருக்கும் இடத்தில் இரண்டுக்கும் 43 சதவீத வித்தியாசம். ஷியரிலிருந்து கப்பா வரைபடம் போடும் கைசர்–ஸ்கொயர்ஸ் முறையில் கப்பாவைப் பூஜ்யமாக வைத்துத் தொடங்கி, வரும் கப்பாவால் ஷியரைத் திருத்தி, விடை நிலைக்கும்வரை திரும்ப ஓட்டுங்கள்.

விளிம்பில் கப்பா பூஜ்யம் என்பது

சிறிய படத்தில் செய்யாதீர்கள். சீரான நிறைத்தாள் ஒன்றைச் சேர்த்து மற்றதை அதே விகிதத்தில் சுருக்கினாலும் உருவச் சிதைவு மாறாது.

பி.எஸ்.எஃப். மாதிரியை அதே நட்சத்திரங்களில் சோதிப்பது

பி.எஸ்.எஃப். என்பது புள்ளியான நட்சத்திரத்தைத் தொலைநோக்கியும் காற்றும் பரப்பிக் காட்டும் உரு. மாதிரியைப் பொருத்தும்போது கொஞ்சம் நட்சத்திரங்களை ஒதுக்கி வையுங்கள்; சோதனை அவற்றில்.

சின்ன மேட்டைக் கரும்பொருள் என்பது

சதுர ஆர்க்-நிமிடத்துக்கு 20 கேலக்ஸிகள், ஒரு ஆர்க்-நிமிட காஸியன் மென்மையாக்கம் என்றால் கப்பா வரைபடத்தின் இரைச்சல் சுமார் 0.018. மென்மையைப் பாதியாக்கினால் 0.035. 0.06 உயர மேடு முதல் வரைபடத்தில் மூன்று சிக்மாவை, அதாவது இரைச்சலின் மூன்று மடங்கைத் தாண்டும், இரண்டாவதில் இரண்டைக்கூட எட்டாது. ஏபெல் 520-ல் கேலக்ஸிகள் குறைந்த ஓர் இருண்ட மையம் இருப்பதாக 2007-ல் அறிவித்தார்கள். 2012-ல் ஹபிள் படங்களை வைத்தே ஒரு குழு உண்டு என்றது, இன்னொரு குழு இல்லை என்றது. எல்லாக் கேலக்ஸிகளையும் 45 பாகை திருப்பி அதே வரைபடத்தைப் போடுங்கள். அதில் வரும் மேடுகள் எல்லாம் இரைச்சலும் கருவிப் பிழையும்தான். உங்கள் மேடு அவற்றைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.